டிஸ்சார்ஜுக்குப் பிறகும் வாருங்கள்: அறக்கட்டளை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் அங்கே வேலை பார்க்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் கரூர் மாவட்டத்தில் இருக்கிறேன். என் மகளுக்குக் கழுத்தில், மூச்சு விடுவதற்காகப் போட்ட டிராக்கியாஸ்டமி குழாய் இருக்கிறது. சாப்பாடு வயிற்றில் வைத்த பெக் டியூப் வழியாகப் போகிறது. வலிப்பு உண்டு. ராத்திரியில் ஆக்ஸிஜன் வேண்டும். எங்களைப் போலவே கரூர், திண்டுக்கல், நாமக்கல் பக்கம் இருக்கும் சில குடும்பங்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் பார்த்துப் பழகியவர்கள். இன்றைக்கு ஒருவர் வீட்டில் சளி உறிஞ்சும் கேத்தடர் குழாய் தீர்ந்தால் இன்னொருவர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். எழுதுவது நான்தான். கேட்பது எல்லோரும் பேசி முடிவு செய்தது.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். நகை போய், இருந்த கொஞ்ச நிலமும் போன பிறகு மீதிப் பணத்தைக் கட்டியது உங்களில் ஒருவர்தான். அந்தப் பணம் வந்திருக்காவிட்டால் என் மகள் இன்று என்னோடு இல்லை. நன்றாக இருக்கிறாளா என்று கேட்டால், ஆமாம், இருக்கிறாள். என் குரலைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள், அவள் அண்ணன் பாட்டுப் போட்டால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் உதவி ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கு எங்களோடு வீட்டுக்கு வாருங்கள். அப்புறம் பல வருஷம் கூடவே இருங்கள்.

மற்ற குடும்பங்களுக்கு டிஸ்சார்ஜ் என்றால் கஷ்டம் முடிந்தது என்று அர்த்தம். எங்களுக்கு அன்றைக்கு ஐசியூ வீட்டுக்கு இடம் மாறுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் ஷிஃப்ட் போட்டுப் பார்த்த வேலையை இனி ஒரு அம்மா ஷிஃப்ட்டே இல்லாமல் பார்க்க வேண்டும். சளி அடைத்தால் அதை உறிஞ்சி எடுக்க உடனே சக்‌ஷன் போட வேண்டும். டிராக்கி குழாய் கழன்று வந்துவிட்டால் பதறாமல் அடுத்த குழாயைச் செருக வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் ஸ்ப்ரே அடித்துவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண்களும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி படிக்கத் தெரியாத பாட்டிமார்களும் இதையெல்லாம் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி மூச்சின் சத்தத்தை வைத்தே சளி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதற்குப் பிறகுதான் காட்டும்.

இந்த வேலைக்கு ஆகும் செலவு யாருடைய கணக்கிலும் வருவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ குழந்தைகளின் இதய ஆபரேஷன் அதில்தான் நடந்திருக்கிறது. ஆனால் அது படுக்கையில் சேர்த்தால் கிடைக்கும் பணம். வீட்டில் செலவாகும் சக்‌ஷன் கேத்தடர், டிராக்கி கயிறு, ஃபீடிங் சிரிஞ்ச், கையுறை, டயப்பர் எதுவும் அதில் வராது. ஒவ்வொன்றும் பார்த்தால் சின்னத் தொகை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு பவர்லூம் தொழிலாளியின் சம்பளத்தில் பெரிய பகுதி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டிய கேத்தடரை வெந்நீரில் கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்தும் வீடுகள் இருக்கின்றன. அது தொற்றில் கொண்டுபோய் விடும், மறுபடி ஐசியூ, மறுபடி லட்சங்கள். அந்த லட்சங்களுக்கு உங்களிடம் மனுப்போட்டால் பணம் வருகிறது. அதைத் தவிர்த்திருக்கக்கூடிய கேத்தடருக்குக் கேட்டால், திட்டத்தில் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்கிறார்கள்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், அதற்குள் இந்த ஒரு இயந்திரம் மட்டும் 500 யூனிட் தின்றுவிடும். அரசு தரும் இலவசம் 100 யூனிட். 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கும் மாறிவிடும். ஃபேனும் ஃபிரிட்ஜும் சக்‌ஷன் மெஷினும் இதற்கு மேல். இயந்திரத்தை நன்கொடையாகத் தந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிறவர்கள் அந்த மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று ஒருமுறை கேட்க வேண்டும். கட்ட முடியாத வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? பகலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். குழந்தையின் உதடு நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிறுத்தி வைப்பார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வேண்டும், அதற்கு பேட்டரி சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதுவும் மருத்துவச் செலவுதான். மருந்துக் கடை ரசீது இல்லை என்பதால் யாரும் அப்படி எழுதிக்கொள்வதில்லை.

இந்தக் கேள்வி புதிது அல்ல, நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 1978ல் பிறந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தைக்கு ஐந்து மாதத்தில் மூளைக் காய்ச்சல் வந்தது. வெண்டிலேட்டர் இல்லாமல் இருக்க முடியாத நிலை. கொஞ்சம் தேறிய பிறகு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் டாக்டர்கள். ஆனால் அரசின் மெடிகெய்ட் திட்டம் ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டும் பணம் தரும், வீட்டுக்குப் போனால் தராது. வீட்டில் பார்ப்பதற்கு ஆஸ்பத்திரிச் செலவில் சிறு பகுதிதான் ஆகும், ஆனாலும் விதி அப்படி. 1981 நவம்பரில் அதிபர் ரீகனே செய்தியாளர்கள் முன்னால் இந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார். விதி தளர்ந்தது, மூன்று வயதில் கேட்டி வீட்டுக்குப் போனாள். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, மற்ற குழந்தைகளுக்கும் வீட்டிலேயே உதவி தர மாநிலங்களுக்கு வழி கிடைத்தது. கேட்டி 34 வயது வரை வாழ்ந்தார். அவர் அம்மா ஜூலி பெக்கெட் தன் மகள் வீடு வந்ததோடு ஓயவில்லை. மற்ற பெற்றோரோடு சேர்ந்து ஃபேமிலி வாய்ஸஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, கடைசிவரை அந்த வேலையைப் பார்த்தார்.

அந்த விதியை மாற்ற ஒரு அதிபர் வாய் திறக்க வேண்டியிருந்தது. உங்கள் அறக்கட்டளையில் மாற்றுவதற்கு நிர்வாகக் குழு ஒருமுறை கூடினால் போதும். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஆள் விஷயம். பணத்தைவிட இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்கு வேண்டியது போன் எடுத்துப் பேசும் ஒரு ஆள். ஒரே ஆள், பெயர் தெரிந்த ஆள், அடுத்த வருஷமும் இருக்கும் ஆள். என் மகளுக்கு நரம்பு டாக்டர் ஒருவர், நுரையீரலுக்கு ஒருவர், வயிற்றுக் குழாய்க்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர். நான்கு பேரும் நல்லவர்கள். நான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, அதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை. ஒருவர் எழுதிய மருந்து இன்னொருவர் எழுதியதோடு சேருமா என்று பார்ப்பது நான்தான். ஓபி நாட்களை ஒரே பயணத்தில் சேர்த்து வைக்கக் கேட்டு நிற்பதும் நான்தான். உங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கை இருந்தாள். பெயரைச் சொல்லவில்லை. அவள் இந்த நான்கு பேரையும் ஒரே நாளில் பார்க்க வைத்தாள். டிராக்கி குழாய் அளவு மாறியபோது கடையில் எதைக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். ராத்திரி பதினொரு மணிக்கு என் மகள் நீலம் பாய்ந்தபோது போனில் கூடவே இருந்தாள். அவள் இப்போது அங்கே இல்லை. சம்பளத்துக்குத் திட்டநிதி தீர்ந்துவிட்டதாம்.

இது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், கேட்டுத் தெரிந்துகொண்டேன். நன்கொடை தருகிறவர்கள், நான் தரும் 100 ரூபாயும் நேராகக் குழந்தைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, இத்தனை குழந்தைகளுக்கு இத்தனை ஆபரேஷன் என்று எண்ணிக்கை கேட்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020ல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஒரு அமைப்பு அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதும் அதில் தடையானது. சென்னையில் உள்ள பெரிய அமைப்பு பணம் வாங்கி மாவட்டத்தில் உள்ள சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தந்த வழி அதோடு அடைபட்டது. உங்கள் கையும் கட்டப்பட்டிருக்கிறது, அது புரிகிறது.

ஆனாலும் சொல்கிறேன். அந்தத் தங்கையின் சம்பளம் நிர்வாகச் செலவு அல்ல. அவள்தான் உதவி. அவள் இருந்த வருஷங்களில் என் மகள் ஐசியூவில் சேர்ந்தது குறைவு, அவள் போன பிறகு அதிகம். நன்கொடையாளர்களிடம் இதை நீங்கள்தான் நேருக்கு நேர் சொல்ல வேண்டும். சொல்லாமல், முழுத் தொகையும் சிகிச்சைக்கே என்று நோட்டீஸில் அச்சடித்தால், அடுத்த தங்கையையும் நீங்களே வேலையை விட்டு அனுப்பியது போலத்தான். நன்கொடையாளர் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கள். ஒரு ஆபரேஷன் பணத்தில் ஒரு நர்ஸ் எத்தனை வீட்டை எத்தனை மாதம் பார்த்துக்கொள்ள முடியும் என்று நாங்களே கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

அரசு வாசலிலும் அந்த ஆள் வேண்டும். திட்டங்கள் இல்லாமல் இல்லை. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தமிழக அரசு தருகிறது, 2023 தொடக்கத்தில் அது 1,500லிருந்து உயர்ந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீடு 1 லட்சம் வரை தருகிறது, அதில் தெரபி செலவும் அடங்கும். இதைக் கேள்விப்படாத குடும்பங்களே எங்கள் பக்கம் அதிகம். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021ல் வந்தது, 2022ல் உதவித்தொகை 50 லட்சம் வரை என்று உயர்ந்தது. ஆனால் குறிப்பிட்ட மையங்கள் வழியாகத்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். முதலில் அறிவித்த 8 மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. அப்போது பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போக வேண்டியிருந்தது. டிராக்கி போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சக்‌ஷன் மெஷினோடு, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு ரயில் ஏறுவது என்றால் என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சில நோய்களுக்கு வாரம்தோறும் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க, உடம்பில் சுரக்காத என்சைமை மருந்தாக ஏற்ற வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு என்பதால் குழந்தை வளர வளர மருந்துச் செலவும் வளரும். 50 லட்சம் தீர்ந்த அன்று என்ன செய்வது என்பதற்கு அந்தக் கொள்கையில் பதில் இல்லை. ஊசி வாங்கித் தரும் சக்தி ஒரு அறக்கட்டளைக்கு இருக்காது. அந்தப் பெற்றோரோடு நீதிமன்றத்துக்கும் அமைச்சகத்துக்கும் போக ஒரு வக்கீலையும் தேவையான ஆவணங்களையும் தரும் சக்தி இருக்கும்.

எந்தப் பட்டியலிலும் வராத குழந்தைகள் வேறு இருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. தாலசீமியா உண்டு, ஹீமோபிலியா உண்டு, தசைச் சிதைவு நோய் உண்டு. பிறவி இதய நோய் இல்லை. சிறுநீரகம் கெட்டு வீட்டில் டயாலிசிஸ் செய்யும் குழந்தை இல்லை. குடல் வெட்டியெடுக்கப்பட்டு ரத்தக் குழாய் வழியாகவே ஊட்டச்சத்து ஏற்றப்படும் குழந்தை இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்காது, அட்டை இல்லாவிட்டால் உதவித்தொகை, பஸ் பாஸ் எதுவும் கிடைக்காது. சில அறக்கட்டளைகளின் படிவத்திலும் முதல் கேள்வியே அட்டை எண்தான். தயவு செய்து அதை எடுத்துவிடுங்கள். அரசு கைவிட்ட இடத்தில்தான் நீங்கள் முதலில் நிற்க வேண்டும்.

இனி படம் எடுப்பதைப் பற்றி. இதில் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

ஐசியூ வாசலில் நிற்கும் அம்மாவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. அந்த நேரத்தில் அவள் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள். அப்புறம் குழாய்களோடு, சட்டை இல்லாமல், கண் செருகிக் கிடக்கும் குழந்தையின் படம் ஊரெல்லாம் சுற்றும். நிதி சேர்ந்து சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சுற்றும். எங்களோடு உள்ள ஒரு குடும்பத்துப் பெண் குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயது. அறிவில் எந்தக் குறையும் இல்லை, இதயத்திலும் நுரையீரலிலும்தான் பிரச்சினை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அவளுடைய பழைய படத்தை போனில் காட்டிச் சிரித்திருக்கிறான். அவள் இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் படத்தைப் போட்ட அமைப்பு நல்ல அமைப்பு, அவள் உயிரைக் காப்பாற்றிய அமைப்பு. நீக்கச் சொல்லிக் கேட்டபோது, யாரிடம் கேட்பது என்றே அந்த அப்பாவுக்குத் தெரியவில்லை.

உதவியையும் படத்தையும் பிரித்து வையுங்கள். பணம் உறுதியான பிறகு, குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, வேறொரு நாளில், மறுத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். விவரம் தெரிந்த குழந்தை என்றால் அவளிடமும் கேளுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குவதற்கு ஒரு நம்பர் கொடுங்கள். காசோலையைப் பெரிய அட்டையில் அச்சடித்து இரண்டு பக்கமும் நின்று பிடிப்பதை நிறுத்துங்கள். நாங்கள் நன்றி சொல்லத் தயங்கவில்லை, மேடை மேல் நின்று சொல்லத்தான் தயங்குகிறோம்.

தூக்கத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் எங்களை "தெய்வத் தாய்" என்று அழைப்பீர்கள். அந்த வார்த்தை வேண்டாம். ஒரு ராத்திரி தூக்கம் கொடுங்கள், போதும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் 1982ல் ஹெலன் ஹவுஸ் என்ற இல்லம் திறந்தது. குணமாகாத நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை ஹாஸ்பிஸ் என்கிறார்கள்; குழந்தைகளுக்காகவே உலகில் முதலில் வந்த ஹாஸ்பிஸ் அதுதான் என்பார்கள். அது தொடங்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெலன் என்ற சின்னக் குழந்தைக்கு மூளையில் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு எதற்கும் மற்றவர் கையை எதிர்பார்க்கும் நிலை. பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரி, சில நாட்கள் ஹெலனை நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று தன்னிடம் அழைத்துப் போனார். அந்தச் சில நாட்களிலிருந்துதான் அந்த இல்லம் பிறந்தது. நோயைக் குணப்படுத்துவதாக யாரும் சொல்லவில்லை. அம்மா அப்பாவைத் தூங்க வைத்தார்கள்.

நமக்குக் கட்டிடம்கூட வேண்டாம். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் மற்றவர்களோடு சேர்ந்து வலி நிவாரணத்துக்கும் ஆதரவு சிகிச்சைக்கும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கிருந்து அது அக்கம்பக்கத்து மனிதர்களின் வேலையாக வளர்ந்தது. மலப்புரம் பக்கமெல்லாம் ஆட்டோ ஓட்டுநரும் வாத்தியாரும் கல்லூரி மாணவரும் பயிற்சி எடுத்துக்கொண்டு, நர்ஸோடு சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். செலவுக்கு ஊர்க்காரர்களே சின்னச் சின்னத் தொகையாகப் போட்டார்கள். 2008ல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. கேரளாவில் முடிந்தது கரூரில் முடியாதா? இங்கே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஏற்கெனவே பெண் தன்னார்வலர்களும், ஆதரவு சிகிச்சை நர்ஸும், பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பெரியவர்களைப் பார்க்க. அவர்களுக்குக் குழந்தையின் டிராக்கியையும் பெக் டியூபையும் சக்‌ஷனையும் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை நீங்கள் நடத்தலாம். மருத்துவமனை சொல்லிக்கொடுக்கட்டும், எங்களில் சிலரும் வந்து செய்து காட்டுகிறோம். எங்கள் ஊரிலேயே இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், வாரத்துக்கு ஒரு ராத்திரி நான் கண்ணை மூடலாம். தூங்காத கை மருந்தின் அளவைத் தவறாக எடுக்கும். இதை மட்டும் உங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

மற்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகன் ஒன்பதாவது படிக்கிறான், சக்‌ஷன் போடுவதில் என்னைவிட நிதானமானவன். தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் அவன் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும், எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளி விழா எதற்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனதில்லை. அவனுக்கு ஒரு டியூஷன் அக்காவையோ அண்ணனையோ அனுப்பினால் போதும். அதுவும் இந்தக் குடும்பத்துக்குச் செய்யும் வைத்தியம்தான்.

அப்புறம் பழி. மாமன் மகனைக் கட்டியதால் வந்தது, கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று எங்களில் பாதிப் பேர் கேட்டிருக்கிறோம். பழி எப்போதும் பெண் மேல்தான் விழும். மரபணுப் பரிசோதனைக்கும், அதன் முடிவைக் கணவன், மாமியார் எல்லோரையும் உட்கார வைத்துத் தமிழில் விளக்கும் ஒரு ஆலோசகருக்கும் பணம் ஒதுக்குங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் சில நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. சொந்தமே இல்லாதவர்களுக்கும் வரும் என்பதும், பல நோய்களில் அம்மாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரு டாக்டர் அந்தக் குடும்பத்தின் முன்னால் சொன்னாலே சில வீடுகள் உடையாமல் தப்பும். அடுத்த கர்ப்பத்தில் என்ன பரிசோதனை செய்யலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எழுதக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் எழுத வேண்டும். எங்கள் குழுவில் சில குழந்தைகள் இப்போது இல்லை. ஒரு வீட்டில் குழந்தை போய்ப் பத்தாம் நாள், அறக்கட்டளையிலிருந்து கான்சென்ட்ரேட்டரைத் திரும்பக் கேட்டு போன் வந்தது. அந்த இயந்திரம் அடுத்த குழந்தைக்கு வேண்டும், அது அந்த அம்மாவுக்கும் தெரியும். அவரே துடைத்து வைத்திருந்தார். அவர் வருத்தப்பட்டது வேறு ஒன்றுக்கு. அந்த போனுக்குப் பிறகு உங்களில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பத்து வருஷம் குழந்தையைத் தவிர வேறு எதையும் பார்க்காத பெண்ணுக்கு அன்றைக்குப் பிறகு வேலை இல்லை, வருமானம் இல்லை, டாக்டர் இல்லை, உங்கள் அலுவலகமும் இல்லை. கோப்பு மூடப்பட்டது. ஒரு வருஷமாவது அந்தக் கோப்பைத் திறந்தே வையுங்கள். ஒருவர் போய்ப் பார்க்கட்டும். அந்தப் பெண்ணுக்கு இருக்கும் கைப்பழக்கம் எந்த நர்ஸிங் கல்லூரியிலும் கிடைக்காதது. அவர் விரும்பினால், முடிகிறபோது, மற்ற அம்மாக்களுக்குச் சொல்லித்தர அவருக்குச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

உங்களில் பலர் எங்களைப் போன்ற பெற்றோர்தான், தெரியும். சொந்தக் குழந்தைக்கு ஃபீட் கொடுத்துவிட்டு, மற்றவர் குழந்தைக்காக நன்கொடைக் கடிதம் எழுதுகிறவர்கள். தணிக்கைக்கும் நன்கொடை வரிச்சலுகைப் பதிவைப் புதுப்பிப்பதற்கும் அலைந்து, ராத்திரி எங்கள் போனையும் எடுப்பவர்கள். உங்களில் இரண்டு பேர் உடம்பு கெட்டு இந்த வேலையை விட்டதை நாங்கள் பார்த்தோம். தனியாக இழுக்காதீர்கள். ஒரு மாவட்டத்தில் மூன்று அறக்கட்டளை இருந்தால் மூன்றும் தனித்தனியாக சக்‌ஷன் மெஷின் வாங்குகின்றன. ஒன்றில் இரண்டு சும்மா இருக்கும்போது இன்னொன்றில் குழந்தை காத்திருக்கிறது. பொதுவாக ஒரு இருப்புப் பட்டியல், பழுது பார்க்க ஒரு மெக்கானிக், பொதுவாக ஒரு போன் நம்பர் என்று ஆரம்பியுங்கள். யார் பெயர் முதலில் வருவது என்ற பேச்சில் இதற்கு முன் ஒருமுறை இது நின்றுபோனது என்று கேள்விப்பட்டேன். தயவு செய்து இந்த முறை நிற்க விடாதீர்கள்.

நிதியாண்டு தொடங்குவதற்கு முன் நீங்கள் பட்ஜெட் போடுவீர்கள். அதில் வீட்டுச் செலவு என்று ஒரு தலைப்பைச் சேருங்கள். கேத்தடர், மின்கட்டணம், ராத்திரிக் கூலி மூன்றும் அதில் வரட்டும். போன் எடுக்கும் ஆளுக்கு மூன்று வருஷச் சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்களில் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள், ஓட்டுப் போடும் உரிமையோடு. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வைத்தால் வர முடியும், மதிய ஃபீடும் நெபுலைசரும் முடிந்திருக்கும், என் மகனும் பள்ளியில் இருந்து வந்திருப்பான். சென்னைக்கு வரச் சொன்னால் முடியாது. கரூரிலோ திண்டுக்கல்லிலோ வையுங்கள். எந்த மண்டபத்தில் வைத்தாலும் கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சில பேர் குழந்தையோடு வருவார்கள்.

அன்புடன்,
ஒரு தாய்,
கரூர் மாவட்டம்